ஆறாம் நம்பர் மலையில் யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை

தேயிலைத் தோட்ட வெளிக்களத்துக்குப் புதிதாய் வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். நின்று பேச முடியாது என்றேன். என் வலது முழங்கால் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. அதைத் தனியாக விட மனமில்லாமல் பின்னாலேயே நானும் வந்துவிட்டேன். ஆகவே எழுதித் தருகிறேன்.

உங்கள் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். முகாமைத்துவத்தின் அடிப்படைகள். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல். நான்கும் நான்கு பெட்டிக்குள் இருக்கின்றன, பெட்டிகளுக்கு நடுவே அம்புக்குறிகள். நல்ல புத்தகம். அதில் பனி விழவில்லை, அட்டை கடிக்கவில்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுவன நடத்தை என்ற பாடத்தில் ஒரு படம் இருக்கிறது: மேசையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து சிலர் சிரிக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் வட்டமாக உட்கார இடமில்லை. எல்லாம் சரிவு. யார் உட்கார்ந்தாலும் ஒருவர் மேலே, ஒருவர் கீழேதான்.

நான் சேர்ந்த புதிதில் ஆபிசில் ஒரு பெரிய கிளாக்கர் இருந்தார். பெயர் வேண்டாம், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவருடைய முகாமைத்துவ அறிவு முழுவதும் ஒரே வாக்கியம்: "பாத்துட்டுச் சொல்றேன்." தோட்டத்தை நடத்தும் துரை கேட்டாலும் அதுதான், தபால்காரர் கேட்டாலும் அதுதான். ஒருநாள் பக்டரிக்குப் பின்னால் புகை எழுந்தது. தீ என்று யாரோ கத்த, ஆபிசே வாளியோடு ஓடியது. பெரிய கிளாக்கர் மட்டும் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், கோப்பையைக் கவிழ்த்து வைத்தார், குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். திரும்பி வந்து சொன்னார்: "கருவாடு சுடுறாங்க."

அதற்குள் வாளிக்காரர்கள் வாடப் போட்டிருந்த கொழுந்தையெல்லாம் நனைத்து முடித்திருந்தார்கள். வேகம் இருந்தது, ஒற்றுமை இருந்தது, அர்ப்பணிப்பு இருந்தது. குழுவேலைக்கு உங்கள் புத்தகம் கேட்கிற எல்லாத் தகுதிகளும் அன்று இருந்தன. தீதான் இல்லை.

பெரிய கிளாக்கரின் அந்த வாக்கியம் எனக்கு முழுசாகத் தேவைப்பட்ட நாள் ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எங்களுக்கு ஒரு புதுத் துரை வந்திருந்தார். இளைஞர், சிங்களவர், நல்ல மனிதர். தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர். அதனால் எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாகப் பேசுவார். மேல் பிரிவின் ஆண் கங்காணி ஓய்வு பெற்றபோது, கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஏன் ஒரு பெண்ணே கங்காணியாக இருக்கக்கூடாது என்று கேட்டார். எங்கள் தோட்டத்தில் அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பதில் தெரியாததால் அல்ல, காலையில் நேரம் இருக்காது.

நேர்முகத்துக்கு வந்தவர்களில் சாந்தகுமாரி மட்டும்தான் துரையைத் திருப்பிக் கேள்வி கேட்டவள். "எனக்கு மேல யாரு சார்?" துரை என்னைக் காட்டினார். வெளிக்கள உத்தியோகத்தர், அதாவது பழைய பேச்சில் கண்டாக்கு. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, பரவால்ல" என்றாள்.

கொழும்புத் தலைமை அலுவலகம் இந்த நியமனத்துக்கு அரை மனசோடுதான் சம்மதித்தது. முதலில் பரீட்சார்த்தம், பிரச்சினை வந்தால் பழைய ஏற்பாடு. அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். சாந்தகுமாரி கூடையை மாட்டிக்கொண்டு செடி வரிசைக்கு, எங்கள் பேச்சில் நெரைக்கு, திரும்புவாள், பிறகு எந்தத் தோட்டத்திலும் எங்களைக் காட்டியே இன்னொரு பெண்ணுக்கு இல்லை என்பார்கள். அவளிடம் இதைச் சொன்னேன். "நெரைக்குப் போறது எனக்குக் கஷ்டமில்ல சார்" என்றாள். "பொறந்ததுல இருந்து அங்கதான் நிக்கிறேன். ஆனா அவங்க என்னையப் பாவம்னு பாப்பாங்க. புருஷன் செத்தப்போ ஒரு தடவ பாத்தாங்க. அதுவே போதும்."

முதல் நாள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து பெண்கள் ஆறாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். மழைக்கு முந்திய வெளிச்சம் அது, பச்சை தன்னைத்தானே எரித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். கீழே வட்டகொடைப் பக்கம் ரயில் ஒன்று பனிக்குள் நுழைந்து, வெளியே வர மறந்து கூவிக்கொண்டிருந்தது. மேலே போகும் பாதையில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினேன். போன் அடித்தது. துரை.

"அவர்கள் நிற்கிறார்கள்" என்றார்.

துரையின் பங்களா எதிர் மலையில். அங்கிருந்து தூரநோக்கியில் பார்த்திருக்கிறார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். செடிகளுக்கு நடுவே வரிசையாக, மழைக்கான படங்குத் துணியை இடுப்பில் கட்டி, கூடையை முதுகில் போட்டு அத்தனை பெண்களும் நின்றார்கள். ஒரு கையும் அசையவில்லை. ஓரத்துப் பாறையில் சாந்தகுமாரியும் நின்றாள்.

"ஆமா சார், நிக்கிறாங்க."

"இது வேலைநிறுத்தமா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள். ஆம் என்றால் நான் உடனே கொழும்புக்கு அறிவிக்க வேண்டும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தம்பிகளா. உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும். எதிர்முனையில் இருப்பவர் கெட்டவராக இருக்க மாட்டார். அவசரத்தில் இருப்பார், அவ்வளவுதான். அவருக்குத் தேவை ஒரு சொல், உண்மை அதற்குப் பிறகுதான். ஆம் என்றால் சாந்தகுமாரி பகல் சாப்பாட்டுக்கு முன் பழைய கதை. இல்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அத்தனை பேரும் வேலை செய்யாமல் நிற்பதற்கு வேறு என்ன பெயர்?

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

"எதைப் பார்க்க வேண்டும்? எனக்கே தெரிகிறதே."

"கிட்டப் போயி பாத்துட்டுச் சொல்றேன் சார்."

ஏறினேன். யாரும் கோஷம் போடவில்லை. யார் முகத்திலும் கோபமில்லை. சிலர் வெற்றிலை மென்றார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் கொண்டையைச் சரிசெய்தாள். தொழிற்சங்கத் தலைவர்மாருக்குப் போன் போனதாகவும் தெரியவில்லை. முதல் நெரையில் மாரியாயி. அந்த மலையில் எல்லோருக்கும் முன்னால் அவள் வாய்தான் ஏறும், அப்புறம்தான் அவள்.

"ஏங்கக்கா நிக்கிறீங்க?"

"ஏன், ஒக்காரச் சொல்றீங்களா?"

"கொழுந்தெடுக்கலியா?"

"எடுக்கத்தானே வந்திருக்கோம். பொலி சொல்லலியே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது கங்காணி "பொலி" என்று குரல் கொடுப்பார். பெண்கள் "பொலியோ பொலி" என்று திருப்பிச் சொல்லி முதல் கொழுந்தைக் கூடையில் போடுவார்கள். நிறையட்டும், பெருகட்டும், ஒரு கெடுதலும் வராமல் இருக்கட்டும் என்கிற வேண்டுதல். பல தோட்டங்களில் அந்த வழக்கம் போய்விட்டது. எங்கள் மேல் பிரிவில் போகவில்லை. தினமும் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போயிருந்தது. ஆண் கங்காணி ஓய்வு பெற்றபோது விசிலை வாங்கி வைத்தோம், குடையை வாங்கி வைத்தோம், தராசைக் கணக்குப் பார்த்து வாங்கினோம். பொலியை யாரும் கைமாற்றிக் கொடுக்கவில்லை.

"அவதான் சொல்லணும்" என்றாள் மாரியாயி. "கங்காணி அவதானே. நாங்க எப்பிடி முந்திக்கிட்டுச் சொல்றது? மொத நாளே அவ மரியாதையக் கெடுக்கவா?"

"சொல்லுங்கன்னு அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"எங்களுக்கு எதுக்கு வம்பு? அவளுக்கு இஷ்டமில்லையோ என்னமோ. கங்காணியம்மா ஆயிட்டா, இனி நம்மளோட கூவுவாளோ மாட்டாளோ."

பாறைப் பக்கம் போனேன். சாந்தகுமாரி குடையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மழை இன்னும் வரவில்லை.

"ஏன் பொலி சொல்லல?"

அவள் நெரைப் பக்கம் பார்த்தாள். "தாலி இல்லாதவ வாயால பொலி சொன்னா நல்லதில்லைன்னு சொல்லுவாங்க சார். பழைய கங்காணி இருந்தவரைக்கும் அவரு சொன்னாரு. நான் சொன்னா அவங்க மூஞ்சி மாறும்."

"மாறுச்சா?"

"சொன்னாத்தானே சார் மாறும்."

"அப்ப வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லலாமே."

"அப்ப நான் என்னத்துக்கு?"

பாருங்கள். அவர்கள் அவளுடைய மரியாதையைக் காப்பாற்ற நிற்கிறார்கள். அவள் அவர்களுடைய மனசைக் காப்பாற்ற நிற்கிறாள். முழுக்க முழுக்க நல்லெண்ணத்தால் ஒரு மலையே நின்றுபோயிருந்தது. உங்கள் புத்தகத்தில் தகராறுகளைத் தீர்க்க ஒரு பாடம் இருக்கிறது. தகராறே இல்லாத இடத்துக்கு அதில் பக்கம் ஒதுக்கவில்லை.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, நானே பொலி சொல்வது. ஆண் பிள்ளை, கண்டாக்கு, மேலே இருக்கிறவன். சொன்னால் ஒரு நொடியில் அத்தனை கையும் அசையும், துரைக்கு எதிர் மலையில் நிம்மதி வரும். அதோடு சாந்தகுமாரியின் கதையும் முடியும். பொலி சொல்ல வேறொருவர் வேண்டும் என்றால் கங்காணிக்கும் வேறொருவர் போதும்தானே. இன்னொரு வழி ஒன்றும் செய்யாமல் நிற்பது. ஒரு உத்தியோகத்தருக்கு அதைவிடச் சிரமமான வேலை கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும்போது கைகள் எங்கே இருக்க வேண்டும் என்றே தெரியாது. நான் பையில் வைத்துக்கொண்டேன்.

துரையின் ஜீப் கீழே வந்து நின்றது. அவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முகம் மலர்ந்தது.

"அவ்வளவுதானா? ஒரு சொல்தானா? அப்படியென்றால் நானே சொல்கிறேன். அது நல்ல முன்மாதிரியாக இருக்கும்."

தொண்டையைச் சரிசெய்தார். வாயையும் திறந்துவிட்டார். துரையின் வாயை ஒரு கண்டாக்கு மூட முடியாது. அதற்கு எங்கள் சேவை விதிகளில் இடமில்லை. நான் அவர் காதருகே சொன்னேன்: "சொல்லலாம் சார். ஆனா நாளைக்கும் நீங்கதான் வரணும். நாளான்னைக்கும். மழை பேஞ்சாலும்."

துரை என்னைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். செருப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். நான் கண்ட முகாமைத்துவத் தீர்மானங்களில் சிறந்தது அது.

பிறகு மூன்று கூட்டமாக நின்றோம். பெண்கள் நெரையில், சாந்தகுமாரி பாறையில், நாங்கள் இருவரும் பாதையில். பனி மேலிருந்து இறங்கி ஒவ்வொரு செடியாக விசாரித்துக்கொண்டு வந்தது. எங்கேயோ ஒரு சேவல் நேரம் தப்பிக் கூவியது. முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

மாரியாயிக்குப் பொறுமை அறுந்தது. "ஏண்டி சாந்தா! மழை வந்துருச்சு, தொரை வந்துட்டாரு, இன்னும் சாமி வரணுமா? சொல்லித் தொலையேன்டி!"

சாந்தகுமாரி குடையைக் கீழே வைத்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. உடைந்து, பாதியில் ஏறி, யாருடைய குரலோ போல.

"பொலி!"

"பொலியோ பொலி!" என்றது மலை. யார் முகமும் மாறியதாக நான் காணவில்லை. எல்லோரும் குனிந்துவிட்டார்கள். குனிந்த முகங்களைப் பற்றி யாரும் அறிக்கை எழுத முடியாது.

"இது வேலைநிறுத்தம் அல்ல" என்றார் துரை, எனக்கே அறிவிப்பதுபோல்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். பகல் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்ப மலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் குளவி கலைந்தது. உயரத்துச் சவுக்கு மரத்தில் இருந்த கூட்டைப் பருந்து கொத்தியிருக்க வேண்டும். சாந்தகுமாரி விசிலை ஊதி ஊதி எல்லோரையும் பள்ளத்துக்கு இறக்கிவிட்டாள். எல்லோரும் இறங்கினார்கள், மாரியாயியைத் தவிர. அவள் வெற்றிலைப் பைக்காகத் திரும்பிப் போனாள். சாந்தகுமாரி பின்னால் ஓடி, படங்கை இரண்டு பேர் தலைக்கும் மேல் இழுத்துப் போட்டுக் கிடந்திருக்கிறாள். இருவருக்கும் கொட்டு. மாரியாயிக்கு அதிகம்.

தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் பெண்கள் கூடினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு வாக்கியம் பிறந்துகொண்டிருந்தது. "மொத நாளே இப்பிடி..." என்று ஒருத்தி ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. இன்னொருத்தி "நான் ஒண்ணும் சொல்லல, ஆனா..." என்றாள். அவளும் முடிக்கவில்லை. சாந்தகுமாரி வீங்கிய கையைத் தூக்கிப் பிடித்தபடி சுவரோரமாக நின்றாள். அந்தப் பாதி வாக்கியங்கள் எல்லாம் நடந்து நடந்து தன்னிடம்தான் வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

போன் அடித்தது. துரை. "எனக்கு ஒரு யோசனை. அவரைச் சில நாட்கள் நாற்றுமேடைக்கு மாற்றுவோம். நிலைமை அமைதியாகும்வரை. அது அவருக்கும் பாதுகாப்பு."

கருணையான யோசனை. கருணையான யோசனைகளை மறுப்பதுதான் கஷ்டம்; மறுக்கிறவன் கொடியவனாகத் தெரிவான். நாற்றுமேடைக்குப் போனவள் திரும்பி வரமாட்டாள். அமைதியான இடத்திலிருந்து யாரையும் திரும்பக் கூப்பிடுவதில்லை. ஆனால் முடியாது என்று நான் சொல்லி, நாளைக் காலை பெண்கள் மலை ஏறாமல் இருந்துவிட்டால்? அதற்கு வேலைநிறுத்தம் என்று பெயர் வைக்கத் தூரநோக்கியும் வேண்டாம்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

இந்தத் தடவை எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரியாது. உள்ளே போனேன். மாரியாயி கட்டிலில். ஒரு கண் முழுசாக மூடிவிட்டது, மேலுதடு தனியாக வந்து முன்னால் உட்கார்ந்திருந்தது. வெற்றிலைப் பை தலைமாட்டில் பத்திரமாக இருந்தது. வாசலில் நடப்பதை நான் சொல்லவில்லை. சன்னல் திறந்திருந்தது, அவளுக்குக் காது வீங்கவில்லை.

"என்னா சார், வெளிய என்னா பேச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"எனக்குக் கேக்குது." எழுந்து உட்கார்ந்தாள். இருந்த ஒரு கண்ணைச் சன்னலுக்குத் திருப்பினாள். நாலு மலைக்குக் கேட்கிற குரலில் போட்டாள்:

"ஏண்டி! குளவிக்கு என்னாத்தடி தெரியும், யாரு கழுத்துல தாலி கெடக்கு, யாரு கழுத்துல இல்லன்னு? என் கழுத்துலதான் கெடக்குதே முழுசா, என் புருஷனும் லயத்து வீட்டுல கெடக்கிறான் முழுசா. என்னையத்தானேடி மொதல்ல கொட்டுச்சு!"

வாசலில் சத்தம் நின்றது. யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். அப்புறம் எல்லோரும் தோற்றார்கள்.

"அவ படங்கப் போடலேன்னா" என்றாள் மாரியாயி, என்னிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி, "இன்னேரம் என் புருஷன்தான் தாலி இல்லாதவன்." பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இத வச்சிக்கிட்டு எப்பிடி வெத்தல போடுறது?"

வெளியே வந்து துரைக்குப் போன் செய்தேன். "பாத்துட்டேன் சார். நாளைக்கும் அதே கங்காணிதான்."

"காரணம்?"

"மாரியாயி."

அவர் சிங்களத்துக்குத் தாவினார். "ஹரி" என்றார், ஆகட்டும் என்கிற அர்த்தத்தில். புத்தகத் தமிழில் அதற்குச் சரியான சொல் அவருக்குக் கிடைத்திருக்காது.

மறுநாள் காலை கட்டுப் போட்ட கையோடு சாந்தகுமாரி மலைக்குப் போனாள். நான் போகவில்லை. பெரட்டுக் களத்தில் நின்று, மேலே பார்க்காமல், யாருமே கேட்காத ஒரு விவரத்தை மும்முரமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். குரல் கேட்டது. முந்திய நாளைவிட ஒரு பிடி உயரம். பதிலும் கேட்டது.

வீக்கம் வற்றி மாரியாயி வேலைக்குத் திரும்பிய நாளில்தான் ஆறாம் நம்பருக்கு மறுபடி ஏறினேன். ஏற வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. நான் போவதற்குள் பொலி சொல்லி முடிந்திருந்தது. வெயில் பனியைப் பிய்த்துப் பிய்த்துப் பள்ளத்தில் போட்டுக்கொண்டிருந்தது. கைகள் செடிமேல் மழைபோல் ஓடின. மேல் வரம்பில் சாந்தகுமாரி ஒருத்தியிடம், "இந்த முத்திப்போன கரட்டுக் கொழுந்த யாருக்குக் குடுக்கப் போற, ஒன் மாமியாருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு தலையை ஆட்டினாள், அதோடு சரி. ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

மாரியாயிதான் நிமிர்ந்தாள்.

"என்னா சார், வழி தவறி வந்துட்டீங்களா?"

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் அக்கா."

"பாத்தாச்சுல்ல?" என்றாள். "நெரையில நிக்காதீங்க. வேல நடக்கணும்."

விலகி நின்றேன்.